எங்கள் வீட்டுக்கு வந்த திருடன் வேசம்

திருடன் வேசம் எங்கள் வீட்டுக்கு என்று ஊர்க்கூட்டத்தில் வைத்து வாசித்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. கோயிலுக்கு முன்னால் வேம்படியில் ஊர் ஆம்பளைகள் எல்லாம் உட்கார்ந்திருக்க, கூத்துச் சொல்லிக்கொடுக்கிற அண்ணாவி ஓலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். நாட்டாமை வேசம் நாட்டாமை வீடு. உபதேசியார் வேசம் உபதேசியார் வீடு. குதிர்த் திருடன் வேசம் கோயில்பிள்ளை வீடு. கோயிலைக் கூட்டி, விளக்கேற்றி, மணியடித்துக்கொண்டிருந்த கோயில்பிள்ளை என் அய்யா. அவர் செத்துப் பதினைந்து வருசம் ஆகியிருந்தது. வீட்டில் ஆம்பளை நான் ஒருவன்தான். ஆக, வேசம் எனக்கு.

எழுந்து நின்றேன். "என்னால முடியாது" என்றேன்.

"உக்காருலே" என்றார் நாட்டாமை. "வேசம் உன்னைக் கேட்டா வருது? வீட்டைப் பார்த்து வருது."

அது எங்கள் ஊர் வழக்கம். எங்கள் ஊர் அனுமந்தன்பட்டிக்கு மேற்கே, மலையைப் பார்த்த பக்கம் இருக்கிறது. ஊரில் பாதிக்கு மேல் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்த வேதக்காரர்கள். வருசாவருசம் சம்மனசு என்கிற தேவதூதர் திருநாளுக்கு ஒரு நாடகம் போடுவோம். அதில் வேசங்கள் எல்லாம் நிலம் மாதிரி, வீட்டுக்குச் சொந்தம். தாத்தா கட்டிய ராசா வேசத்தை மகன் கட்டுவான், பேரன் கட்டுவான். அந்தப் பேரன் வாயைத் திறந்தால் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் என்றாலும் அவன்தான் ராசா. வேசம் கட்டுகிற வீட்டுக்குத் திருநாளில் சப்பரத்துக்குத் தோள் கொடுக்கிற உரிமை உண்டு. வேசம் வேண்டாம் என்றால் தோள் போச்சு. தோள் போன வீட்டில் சாவு விழுந்தால் கோயில் மணி அடிக்காது. கல்யாணம் என்றால் இன்னாருக்கு இன்னார் என்று கோயிலில் ஓலை வாசிக்க மாட்டார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்காமல் எந்தச் சாமியாரும் தாலி மந்திரிக்க மாட்டார்.

எனக்கு ஒரு தங்கச்சி. சின்னமனூர்ப் பக்கம் ஒரு சம்சாரி வீட்டில் பேசியிருந்தோம். மாப்பிள்ளையின் அப்பா திருநாளைக்கு வந்து, ஊரைப் பார்த்து, எங்கள் வீட்டைப் பார்த்துச் சம்மதம் சொல்வதாக ஏற்பாடு. வேசம் வேண்டாம் என்றால் ஓலை இல்லை, கல்யாணம் இல்லை. வேசம் கட்டினால், சம்பந்தி ஆகப்போகிறவர் முன்வரிசையில் உட்கார்ந்து, பெண்ணின் அண்ணன் தன் அப்பனைத் திருடனாக ஆடிக் காட்டுவதைப் பார்ப்பார். எந்தப் பக்கம் போனாலும் முள். இதைக் கூட்டத்தில் சொன்னேன்.

"அட, நாடகந்தானே" என்றார் அண்ணாவி.

நாடகம்தான். அதுவரைக்கும் நாங்கள் ஆடியதெல்லாம் தூரதேசத்து ராசாக்கள் கதை. அந்த வருசம் புதிதாக வந்த வெள்ளைச் சாமியார், "உங்கள் ஊரில் சர்வேசுரன் செய்த புதுமையை விட்டுவிட்டு எங்கேயோ இருக்கிற ராசாவை ஏன் ஆடுகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டார். உடனே ஊருக்குப் புத்தி வந்துவிட்டது. தாது வருசப் பஞ்சத்தில் சம்மனசானவர் நம் ஊரைக் காப்பாற்றிய கதையை நாடகமாக்குவது என்று முடிவானது. இன்னொன்றும் சாமியார் சொன்னார். போன வருசம் ராத்திரி நாடகத்தில் கள்ளைக் குடித்துவிட்டு இரண்டு தெருவும் மண்டையை உடைத்துக்கொண்டது அவருக்குத் தெரியும். இனி நாடகம் பகலில்தான், பூசை முடிந்து ஆரம்பித்துப் பொழுது விழுவதற்குள் முடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஊர் சொல்கிற கதை இது. பஞ்சத்தில் கோயிலின் தானியக் குதிரில் மட்டும் விதைச் சோளம் இருந்தது. அதைத் தொடக் கூடாது, தொட்டால் மழை வரும்போது விதைக்க ஒன்றும் இருக்காது என்று அப்போதிருந்த சாமியார் சொல்லிவிட்டு மதுரைக்குப் போய்விட்டார். ஒரு திருடன் நடுச்சாமத்தில் குதிரைத் திறக்கப் போனான். சம்மனசு நெருப்பு வாளோடு வந்து நின்றார். திருடன் கண் அவிந்து விழுந்தான். நாட்டாமை முழங்கால் போட்டு வேண்டினார். சம்மனசு குதிரைத் தொட்டார். அதற்குப் பிறகு அள்ள அள்ளக் குறையாமல் ஊரே தின்றது.

நடந்தது இது. எனக்கு அப்போது பதினாறு வயது. உச்சி வெயில். ஊரே எழுந்து நிற்கத் திராணியில்லாமல் கிடந்தது. நாட்டாமை எங்கள் வீட்டுக்கு வந்தார். அரைஞாணில் கட்டியிருந்த குதிர்ச் சாவியை அவிழ்த்து என் அய்யா கையில் கொடுத்தார். "நீ எடுத்துப் பசிச்சவுகளுக்குப் போடு. சாமி வந்தா நான் பேசிக்கிறேன்" என்றார். அய்யா குதிரைத் திறந்தார். சாக்கு வாயைப் பிடித்தவன் நான். வீடு வீடாகக் கொண்டுபோய்ப் போட்டோம். ஆறு நாளில் தீர்ந்துபோனது. எந்தச் சம்மனசும் வரவில்லை. வந்திருந்தால் அவருக்கும் ஒரு கை சோளம் கொடுத்திருப்போம்.

சாமியார் திரும்பி வந்ததும் நாட்டாமை சொன்னது ஒரே சொல்: "சாவியைத் திருடிப்புட்டான்." அய்யா நடந்ததைச் சொன்னார். நானும் சொன்னேன். எனக்கு அறை விழுந்தது. தின்ற வீடு ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? விதைச் சோளத்தைத் தின்றது பாவம் என்று சாமியார் சொல்லிவிட்டார். தின்றேன் என்று சொன்னவனும் கோயில் வாசலில் தலையில் கல்லோடு முழங்காலில் நிற்க வேண்டும். ஏழு ஞாயிற்றுக்கிழமை நிற்கும்படி அய்யாவுக்குச் சொன்னார்கள். நாலாவது ஞாயிறு நின்றுவிட்டு வந்தவரைப் பேதி கொண்டுபோனது. பிறகு மழை வந்தது. விதைக்கு எங்கிருந்தோ கடன் வாங்கினார்கள். தின்ற சோளம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்டபோது சொல்வதற்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. சம்மனசு வந்தார்.

ஆறு வாரம் ஒத்திகை. நான் அப்போது பெரியாத்து அணை வேலைக்குக் கூடலூர் வரை சுண்ணாம்பு ஏற்றிப் போகிற வண்டிக்காரன். போய் வந்த அலுப்போடு சாயங்காலம் வேம்படிக்குப் போக வேண்டும். அங்கே போனால் நாடகம் ஒரு அடி நகர்ந்திருக்காது. ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்காரன் வந்து, தன் அப்பனும் பஞ்சத்தில் ஏதோ செய்தான், அவனுக்கும் ஒரு விருத்தம் வேண்டும் என்று நிற்பான். ஒருத்தன் அப்பன் ஆற்றில் ஊற்றுத் தோண்டினானாம். ஒருத்தன் அப்பன் தன் எருதை அறுத்து ஊருக்குப் பங்கு வைத்தானாம். பங்கு வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அவன் வீட்டுக்குள்ளேயே வைத்தான். அண்ணாவி மறுக்க மாட்டார். அவருக்கு அந்த ஆறு வாரமும் வீட்டுக்கு ஒரு நாள் சோறு. சோறு போடுகிற வீட்டுக்கெல்லாம் ஒரு பாட்டு எழுதினார்.

சம்மனசு வேசத்துக்குத்தான் பெரிய சண்டை. சம்மனசுக்குப் பேரன் கிடையாது. அதனால் மூன்று வீட்டார் கேட்டார்கள். கடைசியில் நாட்டாமையின் மருமகனுக்குப் போனது. நாட்டாமையாக ஆடினவன் நாட்டாமையின் மூத்த மகன். தொந்தி இடுப்பைத் தாண்டித் தொங்கும். "பசியால் வாடினேனே" என்று அவன் பாடும்போது அரைக்கச்சை அவிழ்ந்து விழுந்துவிடும், இழுத்துக் கட்டிக்கொண்டு மறுபடி வாடுவான்.

செத்தவர்கள் வேசம் யாருக்கும் வேண்டாம். அந்தப் பஞ்சத்தில் எங்கள் தெருவில் மட்டும் எத்தனை வீடு கதவு சாத்திக் கிடந்தது என்று எனக்குத் தெரியும். நாடகத்தில் இரண்டே பேர் செத்தார்கள். அவர்களும் வசதியான மேல்தெருக்காரர்கள் இல்லை.

ஒரு நாள் அண்ணாவியைத் தனியாகப் பிடித்தேன்.

"அண்ணாவி, எனக்கு ஒரு அடி எழுதிக் குடுங்க. திருடன் யாருக்கு எடுத்தான்னு ஒரு அடி. தனக்கு எடுக்கலைன்னு மட்டும் வந்தாப் போதும்."

"திருடனுக்கு நியாயம் எழுதினா சம்மனசு எதுக்குப்பா வரணும்?"

"வர வேண்டாமே."

"வேலையைக் கெடுக்காத. சம்மனசுக்கு ரெக்கை செஞ்சாச்சு."

ரெக்கை செய்தாகிவிட்டது. கொக்கு இறகு ஒட்டி, பனை மட்டையில் கட்டி, ஆள் உயரத்துக்கு. அதற்கு மேல் நான் என்ன பேச?

வீட்டுக்கு வந்து கத்தினேன். நாடகத்தன்றைக்கு வண்டியைப் பூட்டிக்கொண்டு கம்பத்துக்குப் போய்விடுகிறேன் என்றேன். தங்கச்சி முற்றத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தவில்லை.

"போண்ணே. போயிட்டு வரும்போது எனக்கு ஒரு கயிறு வாங்கிட்டு வா."

"என்னடி பேச்சு இது?"

"பின்ன என்ன? உனக்கு அய்யா பேரு பெருசு. எனக்கு அய்யா மூஞ்சியே ஞாபகம் இல்லை. இந்த ஊர்ல நான் தண்ணிக்குப் போனா குதிர்த் திருடன் மக போறாங்கிறாக. வேற ஊருக்குப் போனாத்தான் எனக்கு ஒரு பேரு கிடைக்கும். நீ வேசத்தைக் கட்டு. நல்லாவே கட்டு. என் கல்யாணம் முடியட்டும், அப்புறம் யாரோட வேணும்னாலும் சண்டை போடு."

ஆத்தா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வாயில் புகையிலை அடக்கியிருந்தாள்.

ஒரு வழி இருந்தது. எங்கள் நாடகத்தில் ஒவ்வொரு வேசமும் திரை விலக்கி வந்ததும் கோமாளி மறிப்பான். "யார் நீ, எங்கே வந்தாய்?" என்று கேட்பான். அவன் கேட்பதும் வேசக்காரன் சொல்வதும் ஏட்டில் கிடையாது. அது அவரவர் வாய். அண்ணாவியே அதில் தலையிட முடியாது. ராசாவையே கோமாளி கேலி செய்வான். அந்த ஒரு இடத்தில்தான் நான் என் சொந்தச் சொல்லைச் சொல்லலாம். கோமாளி வேசம் என்னோடு வண்டி ஓட்டுகிற சிநேகிதன் வீட்டு வேசம். கூடலூர்ப் பாதையில் மாடுகளை அவிழ்த்துப் போட்டிருந்தபோது அவனிடம் சொன்னேன்.

"மாப்ள, நீ ஒண்ணே ஒண்ணு கேளு. குதிருக்குப் பூட்டு இருக்குமே, சாவி ஏதுன்னு கேளு. மிச்சத்தை நான் சொல்லிக்கிறேன்."

அவன் வைக்கோலைப் பல்லில் கடித்துக்கொண்டு யோசித்தான். "நாட்டாமை முன்னாடியே உக்காந்திருப்பாகளே மச்சான்."

"அதுக்குத்தான் கேக்கச் சொல்றேன்."

"உன் சம்பந்தியும் இருப்பாருல்ல?"

"அவரும் கேக்கட்டும். எங்க அய்யா திருடன் இல்லைன்னு ஊர் முன்னாடி காதால கேட்டுட்டுப் பொண்ணை எடுக்கட்டும்."

"சரி, கேக்குறேன்" என்றான். நான் அவன் காளைகளுக்கும் சேர்த்துத் தண்ணீர் காட்டினேன்.

திருநாள் வந்தது. பூசை முடிந்து பந்தலுக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா சின்னமனூர்க்காரரை நாட்டாமை தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். வெளியூர்ப் பெரிய மனிதர் வந்தால் அவர் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். அதுவும் ஒரு வழக்கம். சாமியார் சிறிது நேரம் இருந்து பார்த்துவிட்டு, வெயில் தாங்காமல் எழுந்து போய்விட்டார்.

என் முறை வந்தபோது சூரியன் நேர் உச்சியில். முகத்தில் எண்ணெயில் குழைத்த கரி, ஆட்டுமயிர்த் தாடி. கையில் எரிகிற பந்தம், ஏனென்றால் ஏட்டில் அது நடுச்சாமம். கரி உருகி வாய்க்குள் போனது. அய்யா சாவியை வாங்கினதும் இதே நேரம்தான். அந்த நாடகத்தில் அது ஒன்றுதான் நிசம். அதுவும் சாமியார் பகலில் ஆடச் சொன்னதால் தானாக வந்தது.

திரையைப் பிடித்திருந்த இரண்டு பேரும் விலகினார்கள். அண்ணாவி எழுதின விருத்தத்தைப் பாடினேன். எனக்குப் பாட்டு வராது. பாடி முடித்ததும் கோமாளி குறுக்கே பாய்ந்தான்.

"யாருலே அது? உச்சி வெயில்ல பந்தம் பிடிச்சுட்டு வர்றான்! உனக்குக் கண்ணு தெரியலையா, இல்லை எங்களுக்குத் தெரியலைன்னு நினைச்சியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் காத்திருந்தேன்.

"நான் குதிர்த் திருடன்."

"அப்படிச் சொல்லு. ஏலே திருடா, குதிருக்குப் பூட்டு இருக்குமே, சாவி ஏது?"

கேட்டுவிட்டான். வாக்குத் தவறவில்லை. நான் நாட்டாமையைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பந்தத்தைக் கீழே போட்டேன்.

"சாவி நாட்டாமை குடுத்தாக. இடுப்புல இருந்து அவுத்து, அவுக கையால குடுத்தாக. பசிச்சவுகளுக்குப் போடுன்னு சொல்லித்தான் குடுத்தாக."

மத்தளக்காரன் கை நின்றது. ஒரு மூச்சு நேரம் பந்தலில் சத்தமே இல்லை. அந்த ஒரு மூச்சு நேரம்தான் எனக்குக் கிடைத்தது. நாட்டாமையின் முகத்தைப் பார்த்தேன். வெற்றிலை மென்றுகொண்டிருந்த வாய் அப்படியே நின்றிருந்தது. கோமாளி அவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் பயம் தெரிந்தது. அடுத்த நொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்து உருண்டான்.

"ஆத்தாடி! அடிச்சான் பாரு! திருடப் போறவனுக்கு நாட்டாமையே சாவி குடுத்து வழியனுப்பினாகளாம்! ஏலே, அப்பச் சாக்குப் பிடிச்சது யாரு, சம்மனசா?"

முதலில் சிரித்தவர்கள் வயசானவர்கள். இதை நான் நன்றாகப் பார்த்தேன். பஞ்சத்தில் எங்கள் கையால் சோளம் வாங்கினவர்கள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லாரும்.

"சாக்குப் பிடிச்சது நான்" என்று கத்தினேன்.

"கேளுங்க சாமிகளே! திருடனும் இவனே, சாக்குப் பிடிச்சவனும் இவனே! ரெண்டு ஆளு வேலையை ஒத்த ஆளாப் பார்த்திருக்கான்!"

பந்தல் குலுங்கியது. நான் தாடியைப் பிய்த்து எறிந்தேன். அதற்கும் சிரித்தார்கள். "சிரிக்காதீக! நீங்கதான் தின்னீக! வீடு வீடாப் போட்டோம், நீங்கதான் தின்னீக!" என்றேன். என் குரல் உடைந்துபோனது. பெண்கள் பக்கம் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தாள்.

"தின்னவுக எல்லாம் ஒரு ஏப்பம் விடுங்க பார்ப்போம்!" என்றான் கோமாளி.

விட்டார்கள். பந்தல் முழுக்க ஏப்பம் விட்டார்கள். ஆம்பளை, பொம்பளை, பிள்ளைகள் எல்லாம். அந்தச் சத்தம் இப்போதும் சாப்பாட்டு நேரத்தில் எனக்குக் கேட்கும்.

நாட்டாமை எழுந்தார். சிரிப்பு அடங்கியது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார், இருமல் வரும் அளவுக்கு. தோளில் கிடந்த சரிகைத் துண்டை எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்து என் தோளில் போட்டார். நன்றாக ஆடினவனுக்கு நடுவில் துண்டு போடுவது வழக்கம். போடும்போது என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"குதிர்த் திருடனுக்கு நாட்டாமை போட்ட பரிசு!" என்று கோமாளி கூவினான்.

துண்டை அவர் முகத்தில் எறிந்திருக்கலாம். எறிய வேண்டும் என்றுதான் கை எழுந்தது. சின்னமனூர்க்காரர் நாட்டாமையின் காலி இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையைத் தட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கம் தங்கச்சி எழுந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை இறக்கிக் கும்பிட்டேன். பிறகு சம்மனசு வந்தார். ஒரு ரெக்கை பந்தல் காலில் மாட்டி ஒடிந்து தொங்கியது. "ஐயோ என் கண் போச்சே" என்று ஏட்டில் உள்ளபடி கத்திவிட்டு விழுந்தேன்.

கரியைக் கழுவிக்கொண்டிருந்தபோது கோமாளி வந்தான்.

"மச்சான், கோவிச்சுக்கிடாத. நான் மட்டும் சிரிக்க வைக்கலைன்னா உன்னை அங்கனயே வெச்சு அடிச்சிருப்பாக."

"அடிச்சிருந்தா நம்புனாகன்னு அர்த்தம்" என்றேன். ஒரு வருசம் அவனோடு பேசவில்லை.

சாயங்காலம் சின்னமனூர்க்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூட நாட்டாமையும் வந்தார். பஞ்சத்துக்குப் பிறகு அந்த வாசலை அவர் மிதித்தது அன்றைக்குத்தான். ஆத்தா உள்ளேயே இருந்துகொண்டாள்.

"நாடகத்துல வேசம் வீட்டைப் பார்த்து வருங்கிறாகளே, அப்ப நிசமாவே..." என்று சின்னமனூர்க்காரர் இழுத்தார். கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். அவர்மேல் எனக்குக் குறை இல்லை.

நாட்டாமை அவசரமாகச் சொன்னார்: "சே சே. அது கதைக்குச் சேர்த்ததுங்க. இவன் அப்பன் மாதிரி உத்தமன் இந்தச் சுத்துப்பட்டியில கெடையாது. ஊருக்காக உசிரைக் குடுத்தவன். நான் சொல்றேன், கண்ணை மூடிட்டுப் பொண்ணை எடுங்க."

"நீங்க சொன்னாச் சரி" என்றார் அவர். "தம்பி என்ன போடு போட்டாக! எங்க ஊர்ல இப்படி ஒரு கோமாளித் திருடன் இல்லை."

அவரை வண்டி வரை கொண்டுபோய் விட்டுவிட்டு நாட்டாமையை வழியில் மறித்தேன்.

"இப்பச் சொன்னீகள்ல, அதை ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்ல நின்னு சொல்லுங்க."

"எதை?"

"எங்க அய்யா உத்தமன்னு சொன்னதை. சாவி யாரு குடுத்தாகன்னும் சேர்த்து."

அவர் என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்தார். "கல்யாண வீடுடா. சும்மா இரு" என்றார். அவ்வளவுதான். பதினைந்து வருசம் கழித்து ஒரு ஆள் காதில் ஒரு தடவை சொன்னார். கூலி கொடுத்துவிட்ட ஆள் மாதிரி நடந்து போனார். இன்றைக்கு வரைக்கும் எனக்கு ஆறவில்லை.

மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். தங்கச்சி போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு வேண்டியது கிடைத்தது. நன்றாக இருக்கிறாள், அதில் எனக்குச் சந்தோசம்தான். அடுத்த வருசம் அண்ணாவி ஓலையோடு வந்தபோது வேசம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சப்பரத்துத் தோள் போனது. ஆத்தாவிடம் முன்கூட்டியே கேட்டேன், உனக்கு மணி அடிக்க மாட்டார்கள், பரவாயில்லையா என்று. "அடிச்சா நான் எந்திரிச்சா உக்காரப் போறேன்?" என்றாள். இரண்டு வருசம் கழித்து அவள் போனபோது அடிக்கவில்லை.

நாடகம் நிற்கவில்லை. திருடன் வேசத்தை வேறொருவன் கட்டினான். சாவி ஏது என்று கோமாளி கேட்பதும், நாட்டாமை குடுத்தாக என்று திருடன் சொல்வதும், சனம் ஏப்பம் விடுவதும் ஒவ்வொரு வருசமும் வந்தது. புதிதாகக் கட்டினவன் நல்ல வேசக்காரன். என்னைவிட நன்றாகச் சிரிக்க வைத்தான். பிள்ளைகள் தெருவில் பூட்டு விளையாட்டு என்று ஒன்று விளையாடினார்கள். நாட்டாமையும் வருசாவருசம் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு அவரும் போய்ச் சேர்ந்தார். அவருக்கு மணி வெகுநேரம் அடித்தது.

பெரியாத்துத் தண்ணீர் இங்கன இறங்கின பிறகு ஒரு நாள், புது அண்ணாவி என்னைத் தேடி வந்தான். பழைய அண்ணாவியின் சிஷ்யன். நாடகக் கடைசியில் தண்ணீர் வந்த கதையைச் சேர்க்க வேண்டும் என்று ஊர் கேட்கிறது, பொழுது விழுவதற்குள் முடிக்க வேண்டும் என்று சாமியார் சொல்கிறார், அதனால் பழையதில் எதையாவது வெட்ட வேண்டும் என்றான்.

"அதுக்கு என்னை எதுக்குப் பார்க்க வந்தே? எனக்குத்தான் வேசம் இல்லையே."

"வேசம் இல்லை மாமா. ஆனா அந்தச் சாவிச் சிரிப்பு ஏட்டுல இல்லாதது. முதமுதல்ல சொன்னது நீங்கதான். வாயில வந்த வரியை அந்த வீட்டைக் கேக்காம எடுக்கக் கூடாதுன்னு எங்க அண்ணாவி சொல்லியிருக்காக. அதை எடுத்துரலாமா? கதைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

எடுத்துத் தொலை என்றுதான் வாயில் வந்தது. எத்தனை வருசமாக நான் வேண்டியது அது. வரியை எடுத்தால் ஏப்பம் நிற்கும். திருநாளன்றைக்கு நான் வருசாவருசம் போல வண்டியோடு மலைப்பாதையில் ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் பழைய சாமியார் எழுதிவைத்த கோயில் புத்தகத்தில் என் அய்யா திருடன். ஏட்டில் திருடன். சாவி கொடுத்தவர் செத்துவிட்டார். தின்றவர்களும் பாதிப் பேர் போய்விட்டார்கள். நாட்டாமை தன் கையால் சாவி கொடுத்தார் என்று இந்த ஊரில் சத்தமாகச் சொல்கிற இடம் அந்த ஒன்றுதான். நான் செத்தால் அது ஒன்றுதான் மிச்சம்.

"எடுக்காத" என்றேன்.

"சரி மாமா. சனமும் விடாது. நல்லாச் சிரிக்கிறாக."

"சிரிக்கட்டும். ஆனா இப்பக் கட்டுறவன் அதைப் பாதிதான் சொல்றான். நாட்டாமை குடுத்தாகங்கிறதோட நிறுத்திடுறான். பசிச்சவுகளுக்குப் போடுன்னு சொல்லித்தான் குடுத்தாகன்னு ஒண்ணு இருக்கு. அதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லு."

அவன் தலையைச் சொறிந்தான். "அதைச் சேர்த்தாச் சிரிப்பு வராதே மாமா."

"வராட்டிப் போகுது" என்றேன். "சொல்லச் சொல்லு."